மூன்றரை டன் இழுக்கும் என்று சொல்லும் பிக்கப், நம் ஊரில் எவ்வளவு இழுக்கும்?

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் நம் ஊர்க்காரர்களிடம் ஹைலக்ஸைப் பற்றிப் பேச்செடுத்தால், "மூணரை டன் இழுக்கும்" என்று ஒரு தடவையாவது சொல்லாமல் விடமாட்டார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர் போன்ற நடுத்தர பிக்கப்புகளுக்குப் பல நாடுகளில் நிறுவனங்களே அறிவித்திருக்கும் உச்ச இழுவை எடை 3,500 கிலோ. அமெரிக்காவில் விற்கும் டொயோட்டா டகோமாவின் இப்போதைய தலைமுறைக்கு அதிகபட்சம் 6,500 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,950 கிலோ. அங்கே ரேஞ்சருக்கு 7,500 பவுண்டு, சுமார் 3,400 கிலோ. எல்லாம் சோதித்துப் பார்த்து அச்சிட்ட எண்கள்.

அந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, நம் குமரி மாவட்டத்துக் குலசேகரத்திலோ குளச்சலிலோ நிற்கும் ஒரு வண்டியின் பின்னால் மாட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இழுவை எடை என்பது எஞ்சினைப் பற்றிய எண் என்று பெரும்பாலானோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இன்றைய டர்போ டீசல் எஞ்சினுக்கு இழுப்பது பெரிய காரியமே இல்லை. இந்தியாவில் விற்கும் 2.8 லிட்டர் ஹைலக்ஸின் ஆட்டோமேட்டிக் வண்டியில் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை இருக்கிறது. எஞ்சின் திணறுவதற்கு வெகு முன்பே பின் அச்சும், பிரேக்கும், கொக்கியும், டயரும் தங்கள் எல்லையைத் தொட்டுவிடுகின்றன. எஞ்சின் திணறினால் ஓட்டுபவருக்கு உடனே தெரியும். மற்றவை எல்லையைத் தாண்டியது தெரிய வருவது பெரும்பாலும் இறக்கத்தில், மழையில், வளைவில்.

நம் மாவட்டத்தில் பிக்கப் வண்டிகள் என்னத்தை இழுக்கின்றன என்று சாலையில் நின்று பார்த்தாலே தெரியும். காங்கிரீட் வேலைக்குப் போகும் மிக்சர் மெஷின். திருமண மண்டபத்துக்கும் கோயில் விழாவுக்கும் போகும் சக்கரம் வைத்த ஜெனரேட்டர். பாறை துளைக்கும் கம்ப்ரசர். கடலோரத்தில் எப்போதாவது ட்ரெய்லரில் ஏற்றிய ஃபைபர் வள்ளம். வழியில் நின்றுபோன கார். இவற்றில் மிக்சர் மெஷினைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஜல்லியும் மணலும் கொட்டும் தொட்டி (ஹாப்பர்) வைத்த, ஒரு தடவைக்கு ஒரு மூட்டை சிமென்ட் கலக்கும் மிக்சர் ஒரு டன்னைத் தாண்டும். அதற்கு ஸ்பிரிங் கிடையாது, பிரேக் கிடையாது, பின்விளக்கு கிடையாது. இழுகம்பியை வண்டியின் பின்னால் ஒரு போல்ட்டைச் சொருகியோ சங்கிலி சுற்றியோ மாட்டியிருப்பார்கள். கேட்டால், "ஒண்ணும் செய்யாது அண்ணே, பையப் போனா போதும்" என்பார்கள். பையப் போவதில் எவ்வளவு பயன் இருக்கிறது, எங்கே அது கைவிடுகிறது என்பதைப் பின்னால் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

முதலில் அந்த விளம்பர எண் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய முறையில் இழுவை எடையை அறிவித்துக்கொண்டிருந்தது. அதற்கு முடிவு கட்ட அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த பொது முறைக்கு ஜே2807 என்று பெயர். அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் 18 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒரு மலையேற்றம் இருக்கிறது. சுமார் 900 மீட்டர் உயரம் ஏறும். அந்த ஏற்றத்தில், வெளியே 38 டிகிரிக்குக் குறையாத வெயிலில், ஏ.சி.யை முழுதாகப் போட்டுக்கொண்டு, ட்ரெய்லரோடு மணிக்கு 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்காமல் வண்டி ஏற வேண்டும். 12 சதவீத சரிவில் நின்ற இடத்திலிருந்து முன்னும் பின்னுமாகத் திரும்பத் திரும்ப நகர்ந்து காட்ட வேண்டும். நின்ற நிலையிலிருந்து 60 மைல் வேகத்தை 30 நொடிக்குள் தொட வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அதில் வண்டிக்குள் இருப்பதாகக் கணக்கு வைப்பது ஓட்டுநரும் கூட ஒருவரும், ஆளுக்கு 150 பவுண்டு, சுமார் 68 கிலோ. நம் ஊரில் ஒரு இரட்டைக் கேபின் பிக்கப்பில் இரண்டு பேர் மட்டும் போவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்?

இன்னொன்றையும் இங்கேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நம் மாவட்டத்தில் அதிகம் ஓடும் பொலேரோ பிக்கப், தோஸ்த் போன்ற சரக்கு வண்டிகளில் 1.3 டன், 1.7 டன் என்றெல்லாம் சொல்கிறார்களே, அது பெட்டியில் ஏற்றும் சுமை. அதற்கும் பின்னால் கட்டி இழுக்கும் எடைக்கும் சம்பந்தமில்லை. இந்தியாவில் விற்கும் பிக்கப்புகளின் விளம்பரத் தாளில் இழுவை எடை பெரும்பாலும் இருப்பதே இல்லை. ஓனர் மேனுவலைத்தான் புரட்ட வேண்டும். அதில் ஒரு எடை போட்டிருந்தால் அதுவே உச்சம். இந்த வண்டியில் ட்ரெய்லர் இழுப்பதை நிறுவனம் பரிந்துரைக்கவில்லை என்று போட்டிருந்தால் அதுதான் பதில். அதே பெயருள்ள வண்டி துபாயிலோ ஆஸ்திரேலியாவிலோ மூன்றரை டன் இழுக்கிறது என்பதை வைத்து இங்கே முடிவெடுக்கக் கூடாது. எஞ்சின், கியர் விகிதம், குளிரூட்டி, பின் ஸ்பிரிங், பிரேக் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும்.

இனி கணக்கு. மூன்று வரம்புகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று, வண்டியும் அதன் மேல் உள்ள எல்லாமும் சேர்ந்த மொத்த எடை வரம்பு. இது ஆர்.சி. புத்தகத்திலேயே இருக்கும்; காலி வண்டியின் எடையும் பக்கத்திலேயே இருக்கும். இரண்டாவது, பின்னால் இழுக்கும் ட்ரெய்லரின் எடை வரம்பு. மூன்றாவது, வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த கூட்டு எடை வரம்பு. இந்த மூன்றில் எது முதலில் நிரம்புகிறதோ அதோடு கதை முடிந்தது.

பலரும் கோட்டைவிடுவது முதல் வரம்பில். ட்ரெய்லர் முழுக்கத் தன் சக்கரத்தில் நிற்பதில்லை. அதன் எடையில் ஒரு பங்கு இழுகம்பி வழியாக வண்டியின் கொக்கியில் அமர்கிறது. ட்ரெய்லர் ஆடாமல் வர வேண்டுமானால் இந்தப் பங்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். 1,500 கிலோ ட்ரெய்லர் என்றால் கொக்கியில் 150 முதல் 225 கிலோ. அந்த எடையை வண்டிதான் சுமக்கிறது. ஆகவே அது வண்டியின் சுமைக் கணக்கில் ஏறும்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். காலி எடை 2,050 கிலோ, மொத்த எடை வரம்பு 2,900 கிலோ உள்ள ஒரு வண்டி. சுமைக்கு 850 கிலோ மிச்சம். ஓட்டுநரோடு ஐந்து பேர் ஏறினால், ஆளுக்கு 70 கிலோ என்றாலும் 350 போயிற்று. பெட்டிக்கு மேல் அடித்த இரும்புக் கூடும் கொக்கிச் சட்டமும் 120. வலை, ஐஸ் பெட்டி, டீசல் கேன் என்று பெட்டியில் 280. மொத்தம் 750. கொக்கிக்கு மிஞ்சியது 100 கிலோ. அது ட்ரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு என்றால், இந்த வண்டி அன்றைக்கு இழுக்கக்கூடிய ட்ரெய்லர் 1,000 கிலோ. நிறுவனம் மூன்றரை டன் என்று அறிவித்த வண்டியாகவே இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மூன்று பேரை இறக்கிவிட்டு, பெட்டியைக் காலி செய்தால் அதே வண்டி அதைவிடப் பெரிய ட்ரெய்லரை நியாயமாக இழுக்கும். ஒரே வண்டிக்குக் காலையில் ஒரு எண், மாலையில் வேறொரு எண்.

கூட்டு எடை வரம்பும் இப்படித்தான் பிடிக்கும். மொத்த எடை வரம்பு 3,100, இழுவை 3,500 என்று இருக்கும் வண்டிக்குக் கூட்டு வரம்பு 6,600 இருக்கும் என்றுதான் தோன்றும். இந்த வகை வண்டிகளில் அது 6,000 அளவில்தான் இருக்கும். அப்படியானால் மூன்றரை டன் ட்ரெய்லரை மாட்டும் அன்று வண்டி, ஆளும் சாமானும் சேர்த்து, 2,500 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குக் கொண்டுபோக முடியாது. இழுவை எடையை அறிவிக்கும் நாடுகளின் விளம்பரத் தாளில் இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கூட்டு எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். எனக்கு இதில் கோபமே உண்டு. வாங்குபவருக்கு முதலில் சொல்ல வேண்டிய எண் அதுதான்.

கொக்கியில் அமரும் எடை இன்னொரு வேலையும் செய்கிறது. கொக்கி பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை. அதற்கும் பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. பள்ளிக்கூட மைதானத்து ஏற்றப்பலகையில் ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்புவது போல, கொக்கி அழுந்தும்போது வண்டியின் மூக்கு தூக்கும். முன் பின் அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர், கொக்கி பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கொக்கியில் 200 கிலோ வைத்தால் முன் சக்கரங்களிலிருந்து 80 கிலோ குறையும். பின் அச்சில் 200 அல்ல, 280 கூடும். ஸ்டீயரிங் பிடிப்பும் பிரேக்கின் பெரும்பகுதியும் முன் சக்கரத்தில்தான் இருக்கின்றன. அங்கே எடை குறைந்தால் மழை பெய்த சாலையில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. பின்பக்கம் தாழ்ந்து, இரவில் முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிப்பதும் இதனால்தான்.

பின்பக்கம் தாழ்கிறது என்றதும் நம் பட்டறைகளில் செய்யும் முதல் வைத்தியம் ஸ்பிரிங் பட்டை கூட்டுவது. ஒரு பட்டையோ இரண்டு பட்டையோ சேர்த்தால் வண்டி நிமிர்ந்துவிடும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அச்சு அதே அச்சு, பேரிங் அதே பேரிங், டயர் அதே டயர், பிரேக் அதே பிரேக். மொத்த எடை வரம்பு ஒரு கிலோகூடக் கூடவில்லை. வண்டி தாழ்ந்து நின்று கொடுத்துக்கொண்டிருந்த எச்சரிக்கை மட்டும் போய்விட்டது. டயரின் பக்கச்சுவரில் இருக்கும் சுமை எண்ணைப் பாருங்கள். 112 என்று இருந்தால் ஒரு டயர் தாங்குவது 1,120 கிலோ. பின்னால் இரண்டு டயருக்கு 2,240. அதுவும் முழுக் காற்று இருக்கும்போது.

இப்போது பிரேக். ஓடும் வண்டியின் ஆற்றல் எடையோடு நேராகவும் வேகத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. 2,000 கிலோ வண்டி தனியாக 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் பின்னால் இன்னொரு 2,000 கிலோவை மாட்டினால், அதே அளவு ஆற்றலில் இருக்க வேகம் 57க்கு மேல் போகக் கூடாது. பையப் போவதில் பயன் இருக்கிறது என்று நம் டிரைவர்கள் சொல்வது இந்தக் கணக்கில் நூற்றுக்கு நூறு சரி. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே ஆற்றல் நிறையக் குறைகிறது.

ஆனால் இறக்கத்தில் இந்தக் கணக்கு உதவாது. 4,000 கிலோ கூட்டு எடையோடு 100 மீட்டர் உயரம் கீழே இறங்கினால், அதில் வெளிப்படும் ஆற்றல் அதே எடையை 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நான்கு தடவை அடுத்தடுத்து முழுக்க நிறுத்துவதற்குச் சமம். வேகமாக இறங்கினாலும் பைய இறங்கினாலும் இந்த மொத்தம் மாறாது. அது உயரத்தைச் சேர்ந்தது. இந்த ஆற்றலில் எஞ்சின் எவ்வளவு வாங்கிக்கொள்கிறதோ அவ்வளவு போக, மிச்சமெல்லாம் பிரேக்கில் வெப்பமாகும். பேச்சிப்பாறைக்கு அப்பால் கோதையாறு போகும் வழியையும், கீரிப்பாறை, பாலமோர் பக்கத்து தோட்டச் சாலைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீத சரிவில் நான்கு டன் கூட்டு எடை என்றால், இடைவிடாமல் 400 கிலோ விசை உங்களைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே இறங்கினால் லைனிங் சூடேறி பிடிப்பு போகும். பிரேக் ஆயில் பழசாக இருந்தால் கொதித்து, பெடல் தரையோடு போய்விடும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுவது, பின்னால் சுமையோடு, தற்கொலைக்கு ஒப்பானது.

இதனால்தான் ட்ரெய்லருக்குச் சொந்தமாகப் பிரேக் இருக்கிறதா என்ற கேள்வி, எஞ்சின் எத்தனை குதிரைசக்தி என்ற கேள்வியைவிடப் பெரியது. மூன்றரை டன் என்று அறிவிக்கும் அதே நிறுவனங்கள், பிரேக் இல்லாத ட்ரெய்லருக்குத் தரும் வரம்பு வெறும் 750 கிலோ. பிரிட்டனில் அந்த 750 அல்லது இழுக்கும் வண்டியின் காலி எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அது. ஆஸ்திரேலியாவில் 750ஐத் தாண்டினால் ஒரு அச்சிலாவது பிரேக் வேண்டும். 2,000ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும், கொக்கி கழன்றுபோனால் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும். ஒரு டன்னைத் தாண்டிய நம் மிக்சர் மெஷினை இந்த வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரேக் இல்லாத அந்த எடை, முன்வண்டி நிற்கும்போது நிற்காது, பின்னாலிருந்து தள்ளும். நேர்ச்சாலையில் தள்ளினால் நிற்கும் தூரம் கூடும். வளைவில், ஈரத்தில் தள்ளினால் வண்டியின் பின்புறத்தை வெளியே எறிந்து மடக்கிவிடும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஈரமான சாலையைத் தவிர்த்து வருடத்தை ஓட்டிவிட முடியாது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் குமரி மாவட்டத்தில் ட்ரெய்லரைப் பற்றி எழுத முடியாது. காவல்கிணற்றிலிருந்து முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாகத் தோவாளைக்கு வரும் சாலை, நாட்டிலேயே பெரிய காற்றாலைக் கூட்டங்களில் ஒன்றின் நடுவே போகிறது. மலைக்கணவாயில் நெருக்கப்பட்டு வேகமெடுக்கும் காற்றை நம்பித்தான் அத்தனை காற்றாலைகளும் அங்கே நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; ட்ரெய்லருக்கு அம்மியின் கனம்கூட வேண்டாம், அகலம் போதும். 4 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள பக்கச்சுவரில் மணிக்கு 54 கிலோமீட்டர் காற்று மோதினால், பக்கவாட்டில் தள்ளும் விசை சுமார் 100 கிலோவுக்கு வரும். காற்றின் வேகம் இரட்டித்தால் அது நாலு மடங்கு. அதுவும் சீராக வீசுவதில்லை. ஒரு லாரியோ பஸ்ஸோ கடக்கும் நொடியில் காற்று அறுந்து, மறு நொடி திரும்ப அடிக்கும். ட்ரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்டத் தொடங்குவது இப்படித்தான்.

கனமான சாமான் ட்ரெய்லரின் அச்சுக்குச் சற்று முன்னால் இருந்தால் இந்த ஆட்டம் தானாக அடங்கும். பின்னால் கனம் கூடினால், கொக்கியில் எடை குறைந்து, ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். ஆடத் தொடங்கிய பிறகு ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிசெய்யப் பார்த்தால் இன்னும் மோசமாகும். பிரேக்கை ஓங்கி மிதித்தாலும் மோசமாகும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். ட்ரெய்லர் பிரேக்கைத் தனியாகப் பிடிக்கும் வசதி இருந்தால் அதை மட்டும் பிடிக்கலாம். அடங்கியதும் ஓரம் கட்டி, சாமானை முன்னால் நகர்த்தாமல் மேற்கொண்டு போகக் கூடாது.

வள்ளத்தை ட்ரெய்லரில் ஏற்றுபவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. படகு வாங்கும்போது சொல்லும் எடை வெறும் கூட்டின் எடை. எஞ்சின், எரிபொருள், நங்கூரம், வலை எல்லாம் அதற்கு மேல். இவற்றையெல்லாம் கணக்கில் சேர்ப்பவர்கள்கூட விட்டுவிடுவது மழைத் தண்ணீரை. 4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றால் அது 400 லிட்டர். அதாவது 400 கிலோ. மேலே மூடியிருக்கும் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் ஒழிய வெளியே தெரியாது. அந்த 400 கிலோ ஒரு இடத்தில் இருக்கவும் செய்யாது. ஏற்றத்தில் படகின் பின்பக்கம் ஓடும், கொக்கி லேசாகும். இறக்கத்தில் முன்பக்கம் ஓடும், கொக்கி அழுந்தும். கிளம்பும் முன் வடிகால் அடைப்பைத் திறந்து முழுக்க வடியவிட வேண்டும்.

கொக்கி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெல்டிங் பட்டறையில் ஆங்கிளும் சேனலும் வைத்து பம்பரோடு ஒட்டிக் கொடுக்கும் கொக்கி, இழுப்பதற்கானது ஆகாது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் இரண்டு பக்கச் சட்டங்களிலும் போல்ட் போட்டு இறுக்கிய, எடை வரம்பு பொறித்த கொக்கியாக இருக்க வேண்டும். உருண்டைத் தலையின் மேல் ட்ரெய்லரின் மூடி உட்காரும் பந்துக் கொக்கி என்றால், பந்தின் விட்டமும் ட்ரெய்லர் மூடியின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பொதுவாக 50 மில்லிமீட்டர். அமெரிக்கச் சாமானில் வேறு அளவுகளும் உண்டு. 50க்கான மூடி அதைவிடச் சிறிய பந்திலும் உட்கார்ந்துகொள்ளும். முதல் பெரிய பள்ளத்தில் எகிறிக் கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் இழுகம்பிக்கு அடியில் குறுக்காக மாட்டப்பட்டிருந்தால், கொக்கி கழன்றாலும் இழுகம்பி அந்தச் சங்கிலிப் பின்னலில் விழும், தரையில் குத்தாது. கடலோர ஊர்களில் வைத்திருக்கும் வண்டிகளுக்கு உப்புக்காற்று இன்னொரு தொல்லை. மேலே பெயின்ட் பளபளக்கும்; கொக்கி மாட்டிய இடத்தில் சேசிஸின் உட்பக்கம் துரு தின்றிருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்தாலே சத்தம் சொல்லிவிடும்.

மணலில் புதைந்த வண்டியை இழுப்பது இதிலிருந்து வேறான வேலை. முட்டத்திலோ இராஜாக்கமங்கலம் துறையிலோ மணலில் சக்கரம் இறங்கினால், பக்கத்து வண்டியின் பந்துக் கொக்கியில் கயிற்றை மாட்டி ஓங்கி இழுக்கத் தோன்றும். கூடவே கூடாது. பந்துக் கொக்கி சீரான இழுப்புக்குச் செய்தது; வெட்டி இழுக்கும் அதிர்ச்சியில் அது ஒடிந்து, நீண்ட கயிற்றின் விசையில் குண்டு போலப் பறக்கும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. மீட்பதற்கென்று சேசிஸில் உள்ள வளையத்தில்தான் கயிறு போட வேண்டும். சுற்றி நிற்பவர்களைக் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை இரண்டே வரி. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ட்ரெய்லர் தனி வாகனம், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

இவ்வளவு கணக்கையும் உத்தேசமாகப் போட வேண்டிய அவசியமில்லை. நம் மாவட்டத்தில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. ஆளும் சாமானும் ஏறிய நிலையில், ட்ரெய்லர் இல்லாமல், வண்டியை மட்டும் நிறுத்தி எடை எடுங்கள். 2,350 கிலோ வந்தது என்று வைத்துக்கொள்வோம். பிறகு ட்ரெய்லரை மாட்டி, வண்டியின் நான்கு சக்கரம் மட்டும் மேடையில், ட்ரெய்லர் சக்கரம் வெளியே இருக்கும்படி நிறுத்துங்கள். 2,490 வந்தால், கூடிய 140 கிலோதான் கொக்கியில் அமர்ந்த எடை. கடைசியாக இரண்டையும் முழுக்க மேடைமேல் ஏற்றுங்கள். 3,680 வந்தால் ட்ரெய்லரின் எடை 1,330. கொக்கியில் இருப்பது அதில் பத்தரை சதவீதம், நல்ல நிலை. 2,490ஐ ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை வரம்போடும், 3,680ஐக் கூட்டு வரம்போடும் வைத்துப் பாருங்கள். லாரிகளுக்கான மேடைகள் ஐந்து, பத்து கிலோ கணக்கில்தான் காட்டும் என்பதால், கொக்கி எடை விளிம்பில் வந்தால் இன்னொரு தடவை எடுப்பது நல்லது. பின் அச்சை மட்டும் ஏற்றி நிறுத்தி ஒரு எடையும் எடுத்துக்கொண்டால் டயரின் கணக்கும் தெரிந்துவிடும்.

பிறகு ஓட்டம். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் படகோடு போகிறவர்கள் அங்கே போய்ச் சேர்ந்ததும் ட்ரெய்லரை அப்படியே தண்ணீரில் இறக்கிவிடக் கூடாது. ஓடி வந்த சூட்டோடு பேரிங்கைக் குளிர்ந்த கடல் நீரில் முக்கினால், உள்ளே உள்ள காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த பயணத்தில் சக்கரம் இறுகுவது அதனால்தான். கால் மணி, அரை மணி ஆறவிட்டு இறக்கலாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் ஏற்ற வேண்டும். எந்த ட்ரெய்லராக இருந்தாலும் கிளம்பிய பத்து கிலோமீட்டருக்குள் ஒரு முறை ஓரமாக நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பின் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே சூடாக இருந்தால் போகலாம். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் பேரிங்கோ பிரேக்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைச் சரிபார்க்காமல் வண்டியை எடுக்க வேண்டாம்.